ஆட்டத்தை நிறுத்தத் தெரியாத கதைகள்

போன தீபாவளிக்குச் சித்தி குடும்பம் புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மூன்றாம் நாள் முறுக்கு அலுத்து, பட்டாசும் தீர்ந்து, எல்லாரும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தபோது சித்தி மகள் ‘ஓலா போலா’ போடச் சொன்னாள். அவள் அப்போது படிவம் நான்கு. ஈப்போவில் ஒரு பள்ளியின் ஹாக்கி அணியில் இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரி. படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

“அண்ணே, இந்தப் படத்துல ஒருத்தன்கூட டியூஷன் போகலயே?”

எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அது தேசிய அணி, எல்லாம் பெரிய ஆளுங்க, டியூஷன் வயசு தாண்டிட்டாங்க என்று விளக்கம் சொன்னேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை என்பது சித்தி சமையலறைக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

“அடுத்த வருஷம் எஸ்.பி.எம். அம்மா ஹாக்கிய விட்டுடச் சொல்றாங்க. சிக்கு விடாதேங்கிறாங்க. நீங்களும் ஓட்டத்த ஃபார்ம் ஃபைவ்ல விட்டீங்கதானே. எந்தப் படத்துலயாச்சும் நடுவுல நிறுத்துனவங்க நல்லா இருக்காங்களாண்ணே?”

நான் பதில் சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்றேன் என்றேன். இந்தக் கட்டுரை அந்த யோசனைதான். கேள்வி அவளுடையது. நான் விமர்சகன் இல்லை, ஆலையில் வேலை பார்க்கும் பொறியாளன். ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, நான் பார்த்த விளையாட்டுப் படங்களை எல்லாம் மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நம் கதைகளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது.

*

‘ஓலா போலா’விலிருந்தே தொடங்குகிறேன். சியூ கெங் குவான் இயக்கிய இந்தப் படம் 2016 ஜனவரியில் வெளிவந்தது. நான் எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதம் அது. ஈப்போவில் பள்ளித் தோழர்கள் ஆறு பேரோடு திரையரங்கில் பார்த்தேன். அழுதேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

படத்துக்கு அடிப்படை 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் காற்பந்துத் தகுதிச் சுற்று. அவ்வாண்டு ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று மலேசியா வென்றது. தகுதி பெற்றும் மாஸ்கோ போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து நம் நாடும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. படத்தின் கோல்காவலர் முத்துவைப் பார்க்கும் நம்மவர்களுக்கு ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அரிதான கரு இது. ஓர் அணி ஜெயிக்கிறது, ஜெயித்ததற்குப் பலன் இல்லை. பரிசு இல்லை என்று ஆன பிறகும் ஓர் ஆட்டத்துக்கு மதிப்பு உண்டா? விளையாட்டைப் பற்றிக் கேட்கக்கூடிய மிக நேர்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். படம் அந்தக் கேள்வியின் வாசல்வரை போகிறது. உள்ளே போகாமல் தேசிய ஒற்றுமைப் பக்கம் திரும்பிவிடுகிறது. கடைசி கோல் விழுந்ததும் அரங்கம் எழுந்து நிற்கிறது, நாமும் எழுந்து நிற்கிறோம், கேள்வி நாற்காலியிலேயே கிடக்கிறது.

இன்றைய காலத்துச் செய்தியாளர் ஒருத்தி பழைய ஆட்டக்காரரைத் தேடிப் போவதில்தான் கதை தொடங்குகிறது. அதாவது 1980, அதன் பிறகு நேராக இன்று. நடுவில் முப்பத்தைந்து ஆண்டுகள். முத்து எப்போது கையுறையைக் கழற்றினான், யாரிடம் சொல்லிக் கழற்றினான், மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன செய்தான் என்பதெல்லாம் அந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறது. படம் அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. என் தங்கச்சி நின்றுகொண்டிருப்பது சரியாக அந்த இடத்தில்.

*

சரி, தமிழ்நாட்டுப் படங்களுக்கு வருவோம். நாங்கள் வளர்ந்ததே அவற்றைப் பார்த்துத்தான்.

சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடிக்குழு’ (2009) எளிய பையன்களின் அணியை இவ்வளவு பிரியத்தோடு காட்டிய முதல் படங்களில் ஒன்று. அதன் நாயகன் இறுதி ஆட்டத்தில் உயிரை விடுகிறான். அதே இயக்குநரின் ‘ஜீவா’வில் (2014) திறமை இருந்தும் தேர்வுக்குழுவின் சாதி வழிமறிக்கிறது. அருண்ராஜா காமராஜின் ‘கனா’வில் (2018) விவசாயி மகள் கௌசல்யா ஊர், அம்மா, ஏளனம் எல்லாவற்றையும் தாண்டி உலகக்கோப்பையில் பந்து வீசுகிறாள்.

மூன்றுமே எனக்குப் பிடித்த படங்கள். மூன்றையும் அடுக்கிவைத்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ஆட்டம் முடிவதற்கு நம் திரைக்கதைகளுக்கு மூன்றே வழிதான் தெரியும். ஜெயித்து முடியலாம், ஏமாற்றப்பட்டு முடியலாம், செத்து முடியலாம். ஆடுகிறவன் தானாக யோசித்து, தானாகப் போதும் என்று சொல்லி முடிவதற்கு இடமே இல்லை. அப்படிச் சொல்கிறவன் இந்தப் படங்களில் வந்தாலும் ஓரமாகத்தான் வருவான். ‘என்னாலதான் முடியல, நீயாச்சும் ஆடு’ என்று நாயகன் தோளைத் தட்டிவிட்டுப் போகும் மாமா, அல்லது தோற்றுப்போன பயிற்சியாளர். விட்டவனுக்கு இந்தக் கதைகளில் இருக்கும் ஒரே வேலை, விடாதவனுக்குப் பாடமாக இருப்பது.

‘கனா’வைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். கௌசல்யாவின் அம்மா மகளைத் திட்டும் காட்சிகள் நன்றாக எழுதப்பட்டவை. அந்தக் கோபத்தில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. ஆனால் மகள் நாட்டுக்கு ஆடிவிட்டதால் அந்தப் பயம் தவறு என்று தீர்ப்பாகிவிடுகிறது. மகள் மாவட்ட அளவோடு நின்றிருந்தால்? அப்போதும் அம்மாவின் பயம் தவறுதானா? அணிக்குப் பதினோரு பேர், பள்ளிக்குப் பள்ளி ஓர் அணி என்று பேராக்கில் மட்டும் எத்தனை பேர் ஹாக்கி மட்டை பிடிக்கிறார்கள்! அவர்களில் நாட்டுக்கு ஆடப்போவது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நம் படங்கள் எல்லாம் அந்தச் சிலரின் கதை. மற்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வாழ்க்கையை முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு படம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024). அதில் வரும் கெத்து பெயிண்டர், நடுவயது தாண்டிக்கொண்டிருக்கும் உள்ளூர் கிரிக்கெட் ஆட்டக்காரர். வேலையை விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறவர். மனைவி யசோதைக்கு அது தீராத கோபம். அட்டகத்தி தினேஷ் அந்தப் பாத்திரத்தில் நடந்துவரும் விதத்திலேயே, இந்த மனுஷனுக்கு இதைவிட்டால் வேறு மரியாதை கிடைக்கும் இடம் இல்லை என்பது புரிந்துவிடும். உலகக்கோப்பை எதுவும் இல்லை. ஊர்த் திடல், ரப்பர் பந்து, அவ்வளவுதான். ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்ற கேள்வியை ஒரு குடும்பத்தின் கேள்வியாகக் கேட்ட தமிழ்ப்படம் என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் அதுவும் நாற்பதைத் தொட்டவரின் கேள்வி. பதினேழு வயதில், விண்ணப்பப் பாரத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்கும் கேள்வி இன்னும் படமாகவில்லை.

*

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஆலையில் இயந்திரம் நிற்பது இரண்டு வகை. ஒன்று பிரேக்டவுன், அதுவாகவே பழுதாகி நிற்பது. இன்னொன்று ஷட்டவுன், நாமாக நிறுத்துவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருப்பவனுக்கு வித்தியாசம் தெரியும். ஷட்டவுனுக்கு முறை உண்டு. யாரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும், எந்த வால்வை முதலில் மூடவேண்டும், அழுத்தம் எந்த அளவுக்கு இறங்கும்வரை காத்திருக்கவேண்டும், கடைசியில் யார் கையெழுத்து என்று எல்லாம் தாளில் இருக்கும். முறை தெரியாமல் பட்டென்று நிறுத்தினால் நல்ல இயந்திரமும் கெட்டுப்போகும்.

நம் கதைகளுக்கு பிரேக்டவுன் மட்டுமே தெரியும். ஷட்டவுன் தெரியாது.

*

ஏன் தெரியாது என்பதற்கு என் தாத்தா காலத்துக்குப் போகவேண்டும்.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, மத்தியானம் பால் நிறுத்து முடித்து வீடு. சாயங்காலம் திடலில் பந்து. தோட்டமென்றால் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, அதோடு ஒரு திடல் இருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடக்கும். ஒருமுறை அவரிடம், “எப்ப தாத்தா பந்து விளையாடுறத விட்டீங்க?” என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. “விடுறதுன்னா? முட்டி வலிச்சது, போகல. முட்டி சரியாச்சு, போனேன். அப்புறம் தோட்டமே போயிருச்சு” என்றார்.

அவருக்கு ஆட்டம் என்பது சேர்வதும் விலகுவதுமான ஒன்றல்ல. அது சாயங்காலம். சாயங்காலத்தை யாராவது விடுவார்களா? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது லயங்களோடு திடல்களும் போயின. சனம் ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட் என்று பட்டண ஓரங்களில் ஒதுங்கியது. அங்கே வீடு கிடைத்தது, திடல் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆட்டம் இருந்த ஒரே இடம் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் எது இருந்தாலும் அதற்கு ஒரு கோப்பு உண்டு. சேர்ந்த தேதி, வருகை, பதவி, அடைவு. கோப்பில் பெயர் ஏறிய பிறகுதான் ‘விடுவது’ என்ற செயலே பிறக்கிறது. நம் மூத்த தலைமுறையிடம் இதற்குச் சொல் இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று படுகிறது. அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

அந்தப் பட்டண ஓர வாழ்க்கையைச் சொன்ன முக்கியமான மலேசியத் தமிழ்ப்படம் சஞ்சய் பெருமாளின் ‘ஜகாட்’. 2015 டிசம்பரில், நான் எஸ்.பி.எம். முடித்த அதே மாதம் வெளியானது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதைப் பெற்றது. அப்போது பார்க்க வாய்க்கவில்லை. பல்கலைக்கழக விடுதியில் நண்பனின் மடிக்கணினியில் பார்த்தேன். பன்னிரண்டு வயது அப்போய், கற்பனையும் குறும்பும் நிறைந்தவன். தோட்டத்தை விட்டு வந்த அவன் அப்பா மணியத்துக்குத் தெரிந்த ஒரே ஏணி படிப்பு. மகன் அதில் ஏறாவிட்டால் தெருமுனையில் குண்டர் கும்பல் காத்திருக்கிறது என்ற பயத்தில் அடிக்கிறார்.

‘ஜகாட்’ விளையாட்டுப் படமே அல்ல. ஆனாலும் ‘ஹாக்கிய விட்டுடு’ என்று என் சித்தி சொல்லும் குரலை எந்த விளையாட்டுப் படத்தையும்விட இது எனக்கு நன்றாகப் புரியவைத்தது. விளையாட்டுப் படங்களில் பெற்றோர் ஒரு தடை, இரண்டாம் பாதியில் மனம் மாறவேண்டிய தடை. ‘ஜகாட்’டில் அந்தத் தடைக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் இடப்பெயர்வு இருக்கிறது. சித்திக்கு ஹாக்கி மேல் வெறுப்பில்லை. ஒற்றை ஏணியில் ஏறும் பிள்ளை கையில் எதையாவது பிடித்திருந்தால் பதறத்தானே செய்யும்?

*

அந்த ஏணிக்கு இப்போது கணக்கு வேறு வந்துவிட்டது. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மெரிட் புள்ளிகளுக்கு 90 விழுக்காடு தேர்வு முடிவிலிருந்தும் 10 விழுக்காடு புறப்பாடத்திலிருந்தும் வருகிறது. 2011 முதல் ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ கொள்கையும் இருக்கிறது. பள்ளி அளவா, மாவட்டமா, மாநிலமா, தேசமா என்று பார்த்து ஆட்டத்துக்குப் புள்ளி. மெட்ரிகுலேஷன் இடங்கள் 2019இல் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற பங்கீடு மாறவில்லை. மெட்ரிக் கிடைக்காத நம் பிள்ளைகளில் பலர் என்னைப்போல ஆறாம் படிவம் போய், எஸ்.டி.பி.எம். எழுதி, பிறகு வரிசையில் நிற்கிறார்கள். இந்த வரிசையில் அரைப் புள்ளியும் கனமானது.

சித்தி 90ஐப் பார்த்து விடச் சொல்கிறாள். ஆசிரியை 10ஐப் பார்த்து விடாதே என்கிறார். இருவரும் அவள் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேச்சிலும் ஹாக்கி இல்லை என்பதைக் கவனியுங்கள். புள்ளிக்காக விடுவதும் புள்ளிக்காகத் தொடர்வதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம். அவளுக்குப் பிடித்திருக்கிறதா, முட்டி வலிக்கிறதா, அணியில் தோழிகள் இருக்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

இந்த இடத்தில் பேராக் வீடுகளில் ஒரு பெயர் கட்டாயம் வரும். டாக்டர் எம். ஜெகதீசன். 1943இல் கோலகங்சாரில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது வயது பதினாறு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம். 1966 பாங்காக்கில் மூன்று தங்கம். 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் முறியடித்தார். 49 ஆண்டுகள்! இதற்கு நடுவே சிங்கப்பூரில் மருத்துவம் படித்து முடித்தார். எங்கள் வீட்டில் இவரை அப்பா ஒரு பிரம்பைப்போல எடுப்பார்: “அவரு ஓடவும் செஞ்சாரு, டாக்டரும் ஆனாரு. ஒனக்கு என்ன கேடு?”

நானும் நெடுங்காலம் அவரை அப்படியே நினைத்திருந்தேன், ரெண்டும் முடியும் என்பதற்கு ஆதாரமாக. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதர் இரண்டையும் செய்ததைக் கொண்டு, செய்யமுடியாத மற்றவர்களை அளப்பது அவருக்கும் மரியாதை இல்லை. தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வென்றவர். அந்த ஆண்டு நாட்டின் முதல் சிறந்த விளையாட்டாளர் விருதுகளை ஜெகதீசனும் அவரும்தான் பெற்றார்கள். இருவரும் பேராக் தமிழர்கள். ஆனால் பிரம்பாக எடுக்கப்படுவது டாக்டர் மட்டும்தான். ராஜாமணியின் பெயரை நான் வீட்டில் கேட்டதே இல்லை, பல்கலைக்கழகம் போனபிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓட்டத்துக்காக ஓடிய கதை நம் வீடுகளுக்குப் பயன்படுவதில்லை. ஓட்டத்தோடு பட்டமும் சேர்ந்தால்தான் அது கதை.

*

இனி என் கதை. தங்கச்சி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்ததற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது.

நான் 400 மீட்டர் ஓடினேன். படிவம் நான்கில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்து மாநிலப் போட்டிக்குப் போனேன், முதல் சுற்றிலேயே வெளியேறினேன். படிவம் ஐந்து ஜனவரியில் விட்டுவிட்டேன். எஸ்.பி.எம். வருஷம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அம்மா சந்தோஷப்பட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை.

தெரியாதது இது. அந்த டிசம்பர் பயிற்சியில், என்னைவிட இரண்டு வயது சின்னவன் ஒருவன் கடைசி 100 மீட்டரில் என்னைத் தாண்டிப் போனான். ஒருமுறையல்ல, மூன்று நாள் தொடர்ந்து. என் நேரம் ஒரு வருஷமாக 54 வினாடிக்குக் கீழே இறங்கவே இல்லை. மார்ச்சில் அவனிடம் எல்லார் முன்னாலும் தோற்கப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. எஸ்.பி.எம். என்ற சொல் அப்போது கைக்கு வாகாகக் கிடைத்தது. அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். படிப்புக்காக விட்டான் என்றால் நம் வீடுகளில் அது தியாகம்.

மிச்சமான சாயங்காலங்களில் நான் படித்தேன் என்றும் சொல்லமுடியாது. கைப்பேசி பார்த்தேன், தூங்கினேன். முடிவுகள் விடாமல் இருந்திருந்தாலும் ஏறக்குறைய இதேதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு ஆறாம் படிவம், பெர்லிஸில் பொறியியல், ஈப்போவுக்குத் திரும்பி வேலை. எதுவும் கெட்டுப்போகவில்லை. ஓட்டத்தை விட்டதற்கு வருத்தமும் இல்லை. ஓடியிருந்தாலும் 53 வினாடிக்குமேல் என் கால்கள் எதையும் கொடுத்திருக்கா.

வருத்தம் வேறு. தாத்தா அப்போது எங்களோடு இருந்தார். வாரம் இரண்டு முறை தன் பழைய ஹோண்டாவில் வந்து, பள்ளித் திடல் வேலிக்கு வெளியே நின்று நான் ஓடுவதைப் பார்ப்பார். உள்ளே வரமாட்டார், கூப்பிடமாட்டார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். நான் விட்டதை அவரிடம் சொல்லவில்லை. மறந்து அல்ல, எப்படிச் சொல்வதென்று தெரியாமல். ஜனவரி முழுக்க அவர் வந்து நின்றிருக்கிறார். நான் அன்றைக்கெல்லாம் டியூஷன் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கு ஓடுவான் என்று திரும்பிப் போயிருக்கிறார். கடைசியில் என்னைத் தாண்டிப்போன அந்தப் பையன்தான் வேலிப்பக்கம் வந்து சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து தாத்தா கேட்டது ஒன்றே ஒன்று: “சொல்லியிருக்கலாமேய்யா?”

அவரைப் பற்றியும், அந்த வேலியைப் பற்றியும், இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் பேசியதில்லை. பேச ஒரு மாதிரிக் கதைகூட இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஜெயித்தவனின் கதை இருந்தது, ஏமாற்றப்பட்டவனின் கதை இருந்தது. நான் இரண்டுமில்லை. என்னை யாரும் ஏமாற்றவில்லை, என் திறமையை யாரும் நசுக்கவில்லை. நான் ஓர் எல்லையைத் தொட்டேன், பயந்தேன், அதற்குப் படிப்பின் பெயரைச் சூட்டினேன். அதைச் சொல்ல ஒரு வடிவம் கிடைத்திருந்தால் பதினேழு வயதில் தாத்தாவிடமாவது போய் நின்றிருப்பேன்.

*

இலக்கியமோ சினிமாவோ பிள்ளைகளுக்கு வழிகாட்டவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அந்த மாதிரிப் படங்கள் வேண்டிய மட்டும் வந்துவிட்டன. நான் கேட்பது சின்ன விஷயம். ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு காட்சி. அதை வாங்கும் ஆசிரியரின் முகம். மறுநாள் ஐந்து மணிக்கு வீட்டிலிருக்கும் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது. இதில் வில்லன் வேண்டாம், கோப்பை வேண்டாம், மரணமும் வேண்டாம். திரைக்குப் பெரிய முடிவு தேவைப்படுகிறது என்றால் சிறுகதைக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. தோட்டம் போனதை எழுதி எழுதிக் கனத்த நம் மலேசியச் சிறுகதைக்கு, தோட்டத்தோடு போன திடலை எழுதுவது சிரமமாக இருக்காது. அந்தத் திடல் பள்ளிக் கோப்புக்குள் புகுந்த கதையை எங்கள் வயதுக்காரர்கள்தான் எழுதவேண்டும்.

ஒரு மாதம் கழித்துத் தங்கச்சிக்கு ஃபோன் செய்தேன். விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. என் கதையை, வேலிவரைக்கும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

“அப்ப, விடுறதுன்னா சொல்லிட்டு விடணும். அவ்ளோதானே?”

“ஏன் விடுறேன்னு ஒனக்குத் தெரிஞ்சு விடணும். அப்புறம் சொல்லிட்டு விடணும்.”

“எனக்கு இன்னும் தெரியலண்ணே.”

“அப்ப ஆடு.”

ஜனவரியில் பள்ளி திறந்தது. அவள் இப்போதைக்கு ஆடிக்கொண்டிருக்கிறாள். மாவட்டப் போட்டிவரை இருப்பேன் என்று ஆசிரியையிடமும் சித்தியிடமும் தேதி சொல்லிவிட்டாளாம். அதன்பிறகு என்ன என்பதை அப்போது பார்த்துக்கொள்வாளாம். படிவம் இரண்டு பிள்ளை ஒருத்திக்குத் தன் இடத்தில் நின்று ஆடச் சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் சனிக்கிழமை அவர்கள் பள்ளித் திடல் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். வேலிக்கு வெளியே காரை நிறுத்தினேன். பிறகு இறங்கி, வாசல் வழியாக உள்ளே போய், பிள்ளைகள் பைகளை வைத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.